மணல்திட்டில் ஒரு வீடு

இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். மெக்ஸிகோ தேசத்தைப் பற்றி இத்தனை காலம் பிள்ளைகளுக்கு நான் சொன்னதெல்லாம் மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடும். தலைநகர் மெக்ஸிகோ நகரம். வெள்ளி மிகுதியாகக் கிடைக்கும். ஜனங்கள் பேசுவது ஸ்பானிஷ் பாஷை. மூன்றும் உண்மைதான். ஆனால், 2023-ம் வருஷத்துக் கடைசியில் அந்தத் தேசத்தின் மேற்குக் கரையில் ஒரு சிறு ஊரில், என் அக்காள் வீட்டு அடுப்படியில் ஐந்து வாரம் உட்கார்ந்து எழுந்த பிறகு, அந்த மூன்று வாக்கியங்களையும் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது.

ஊரின் பெயர் பார்ரா தே நவிதாத். "கிறிஸ்துமஸ் மணல்திட்டு" என்று தமிழில் சொல்லலாம். 1540-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி ஸ்பானிய ராஜப்பிரதிநிதி மெண்டோஸா இங்கே வந்து இறங்கியதால் இந்தப் பெயர் என்கிறார்கள். ஹலிஸ்கோ மாகாணத்தின் தென்கோடி. ஒரு பக்கம் பசிபிக் சமுத்திரம். மறு பக்கம் உப்பங்கழி. நடுவில் ஒரு விரல் நீட்டினாற்போல மணல். அந்த விரலின்மேல் ஊர். சமுத்திரத்தின் பக்கம் ஓயாத இரைச்சல். உப்பங்கழிப் பக்கம் படகுகள் அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் இடையே நடந்து போக ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

குவாதலஹாரா நகரத்திலிருந்து பஸ்ஸில் மலை இறங்கி வர ஏறக்குறைய அரை நாள் ஆயிற்று. நான் போய்ச் சேர்ந்த சமயம் நல்ல சமயமல்ல. அதற்கு முந்தின நாள், அக்டோபர் 25-ந் தேதிதான், தெற்கே அகபுல்கோ துறைமுகத்தை ஓடிஸ் என்னும் புயல் அடித்து நொறுக்கியிருந்தது. சாதாரணப் புயலாக இருந்தது ஒரே நாளில் பூதாகாரமாகிவிட்டதாம். பஸ்ஸில் எல்லாரும் அதையே பேசினார்கள். எனக்குப் பாஷை தெரியாது. ஆனாலும், "அகபுல்கோ, அகபுல்கோ" என்று அவர்கள் சொல்லி உதட்டைப் பிதுக்கியது புரிந்தது.

அக்காளும் அத்தானும் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார்கள். அத்தான் இளைத்திருந்தார். அக்காள் என் பையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டாள். நான் "ஆச்சு" என்றேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு பார்க்கும் அக்காள் தம்பி இருவரும் அன்றைக்குப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் ஆனி மாதம் எங்கள் அம்மா காலமானாள். அதே வாரத்தில் டொராண்டோவில் அத்தானுக்கு இருதயத்தில் ரண சிகிச்சை. அக்காளால் வர முடியவில்லை. அது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், "காரியத்துக்காவது வந்து தொலை" என்று டெலிபோனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தையை எந்தத் தபாலில் திருப்பி வாங்குவது? அம்மாவின் படம் ஒன்றும், உடன்குடிக் கருப்பட்டி இரண்டு வட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நான் போனதற்கு அதுதான் காரணம். தேசம் பார்க்கும் ஆசை அதற்கப்புறந்தான்.

முப்பது வருஷம் கானடாவில் உத்தியோகம் பார்த்த அத்தானைக் குளிர்காலத்தில் அங்கே இருக்கக் கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அவரைப் போலக் குளிருக்கு ஓடி வருகிறவர்கள் கானடாவிலும் ஐக்கிய நாடுகளிலும் ஏராளம். நவம்பர் பிறந்ததும் பறவைகள் போல இந்தக் கரைக்கு வந்துவிடுவார்கள். ஏப்ரலில் திரும்பிப் போவார்கள். சிலர் திரும்பிப் போவதேயில்லை. யாத்திரிகராக வந்தால் அதிகபட்சம் 180 நாள் இருக்கலாம். அதற்கு மேல் இருக்க விரும்பினால், ஊரிலிருந்து பென்ஷன் வருகிறது என்று காகிதம் காட்டி, தற்காலிக வாசிகளாகப் பதிந்துகொள்ள வேண்டும். அதன் கெடு நான்கு வருஷம். பிறகு நிரந்தர வாசியாகலாம்.

அத்தான் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கிற்று. அதில் நாட்களைச் சிவப்பு மசியால் அடித்துக்கொண்டே வந்தார். எதற்கென்று கேட்டேன். "ஒண்டாரியோவில் வருஷத்துக்கு 153 நாளாவது இருந்தால்தான் சர்க்கார் செலவில் வைத்தியம், மாப்பிள்ளை. ஒரு நாள் குறைந்தாலும் சீட்டுக் கிழிந்துபோகும்" என்றார். உடம்புக்காக ஊரை விட்டு வந்தவர், அதே உடம்புக்காக ஊருக்குத் திரும்பிப் போகவும் நாள் எண்ண வேண்டியிருக்கிறது!

அவர்கள் குடியிருந்தது ஒரு மீனவரின் விதவையுடைய வீடு. முன்கட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அந்த அம்மாள் பின்கட்டில் ஒற்றை அறையில் இருந்தாள். எல்லாரும் அவளைத் "தோஞா" என்று அழைத்தார்கள். நம்முடைய "அம்மா", "ஆச்சி" போன்ற மரியாதைச் சொல். அறுபது வயதிருக்கும். கட்டை குட்டையான சரீரம், நரைத்த பின்னல், இடுப்பில் ஏப்ரன் துணி. புருஷனைக் கடல் கொண்டுபோய் பதினோரு வருஷம். மகள் உள்நாட்டில் ஸிவாத்லான் ஊரில் இருக்கிறாள். கரையோரத்தில் வாடகை கொடுக்க மாப்பிள்ளைக்குக் கட்டுப்படியாகவில்லையாம். அக்காளைப் போன்றவர்கள் டாலரில் கொடுக்கும் வாடகைதான் அதற்குக் காரணம் என்பதை அக்காளே எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கீரை ஆயத் தொடங்கினாள்.

அன்றாட வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமானால் சத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஊரில் எல்லாம் வாசலுக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். காலையில் குடிதண்ணீர்க்காரன் இருபது லிட்டர்க் குடுவைகளுடன் "ஆகுவா!" என்று நீட்டி முழக்குவான். குழாய்த் தண்ணீரைக் குளிக்கலாம், துவைக்கலாம்; குடிக்கலாகாது. காஸ் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். குப்பை வண்டிக்கு மணி. கத்தி சாணை பிடிக்கிறவன் ஒரு சிறு குழலை மேலிருந்து கீழாக ஊதிக்கொண்டு போவான். முதல் வருஷம் எந்தச் சத்தம் எதற்கென்று தெரியாமல், குப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு அத்தான் காஸ் வண்டிக்குப் பின்னால் ஓடினாராம். அக்காள் இதைச் சொல்லும்போது, நான் வந்த பிறகு முதல் முறையாகச் சிரித்தாள்.

பாஷை விஷயத்தில் அத்தானைவிட அக்காள் கெட்டிக்காரி. அத்தான் புஸ்தகம் வைத்துக்கொண்டு வினைச்சொற்களை உருப்போட்டார். அக்காள் சந்தைக்குப் போனாள். வாரச் சந்தைக்கு அங்கே "தியாங்கிஸ்" என்று பெயர். ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்த நாவாட்டில் பாஷைச் சொல். அங்கே அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் இலக்கணமல்ல, மரியாதை. கடைக்குள் நுழைந்தால் முதலில் வந்தனம் சொல்ல வேண்டும். விலை கேட்பது அப்புறம். சாப்பிடுகிறவர்களைத் தாண்டிப் போனால், முகந்தெரியாதவர்களானாலும், "ப்ரொவேச்சோ" என்று சொல்லிப் போக வேண்டும். சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்று வாழ்த்து. "மஞானா" என்றால் நாளை என்று அகராதி சொல்லும். குழாய் ரிப்பேர்க்காரன் சொன்னால் அதற்கு "இன்றைக்கில்லை" என்றுதான் அர்த்தம். இதில் நமக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. கானடாக்காரர்கள்தான் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சந்தையில் எனக்கு ஏற்பட்ட மயக்கத்தை என்னவென்று சொல்வேன்! மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, சீத்தாப்பழம் எல்லாம் நம் தோட்டத்துப் பொருள்கள் போல அடுக்கி வைத்திருந்தன. உண்மையில் இவையெல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சொத்து; போர்த்துகீசியர் காலத்துக்குப் பிறகே கப்பலேறி நம்மிடம் வந்தவை. மிளகுக்குப் பதில் காரம் தந்த காயை நாம் மிளகாய் என்று கூப்பிட்டுச் சொந்தமாக்கிக்கொண்டோம். சப்போட்டாவுக்கோ பெயரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டோம். "ட்ஸபோட்ல்" என்ற நாவாட்டில் சொல்தான் அது. பதிலுக்கு நம் பக்கத்துச் சரக்கும் அங்கே போயிருக்கிறது. புளி, மாம்பழம், தென்னை எல்லாம் அந்தக் கரைக்கு வந்தேறியவை.

அவை வந்த வழியின் தலைவாசல் இந்தச் சின்ன ஊர்தான் என்பதை நினைத்தால் திகைப்பாயிருக்கிறது. 1564-ம் வருஷம் நவம்பர் மாதம் லெகாஸ்பி என்பவன் இந்த உப்பங்கழியில் கட்டிய கப்பல்களுடன் புறப்பட்டுப் பிலிப்பைன் தீவுகளைச் சேர்ந்தான். மறு வருஷம் உர்தனேத்தா என்ற பாதிரியார் கிழக்கே திரும்பி வரும் காற்றுப் பாதையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு வியாபாரமெல்லாம் அகபுல்கோவுக்குப் போய்விட்டது. 1815 வரையில் இருநூற்றைம்பது வருஷம் மணிலாக் கப்பல்கள் அங்கே வந்து போயின. அவற்றில் சரக்கு மட்டுமா வந்தது? நம் நாட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒரு பெண்ணும் மணிலா வழியாக வந்து அகபுல்கோவில் இறங்கினாள். அடிமையாக விற்கப்பட்டுப் புவெப்லா நகரத்தில் வாழ்ந்து, 1688-ல் அங்கேயே செத்துப்போனாள். கதரினா தே ஸான் ஹுவான் என்று அவளுக்குப் பெயரிட்டிருந்தார்கள். அத்தானைப் போலக் காலண்டரில் நாள் அடிக்க அவளுக்கு வழியில்லை.

ஒரு நாள் மான்ஸனீயோ துறைமுகத்துக்குப் போயிருந்தோம். கடற்கரைச் சாலையில் ஒருவன் பெரிய சுரைக்குடுக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டு "தூபா, தூபா" என்று கூவிக்கொண்டு வந்தான். வாங்கிக் குடித்தேன். தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பானம்! மேலே வேர்க்கடலையை நொறுக்கிப் போட்டிருந்தான். அது ஒன்றுதான் புதிது. அந்தக் கப்பல்களில் வந்த பிலிப்பைன்காரர்கள் கற்றுக் கொடுத்த தொழிலாம். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்கு அந்த ருசியைப் பற்றி யாரும் வியாக்கியானம் செய்ய வேண்டாம். அத்தான் இரண்டாவது தம்ளர் கேட்டார். அக்காள் முறைத்தாள். சர்க்கரை வியாதி.

சாப்பாட்டில் அக்காள் சுலபமாகக் குடியேறிவிட்டாள். மீன் கடையில் "ஸியெர்ரா" என்று விற்கும் மீன் நம் சீலாவுக்குச் சித்தப்பா பிள்ளை. மெல்லிய சிவப்பு மிளகாய் வற்றலும் புளியும் இருக்கும்போது குழம்புக்கு என்ன குறைச்சல்? தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை. கறிவேப்பிலை மட்டும் வெகு நாள் அகப்படவில்லை. சோளத் தோசைக்காக (தோர்தீயாவை அக்காள் அப்படித்தான் சொல்வாள்) தினமும் காலையில் கடையில் துணியோடு நிற்பாள். எடை போட்டுச் சுடச்சுடக் கொடுப்பார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேக வைத்து, ராத்திரி முழுவதும் ஊறவிட்டு அரைக்கிறார்கள். பதநீருக்குச் சுண்ணாம்பு தடவும் ஊரிலிருந்து வந்தவள் இதைக் கண்டு மூக்கில் விரல் வைக்கவில்லை. "தோஞா"வின் பக்கத்தில் உட்கார்ந்து அம்மியில் அரைக்கப் பழகிக்கொண்டாள். அங்கேயும் அம்மி உண்டு. மூன்று கால் முளைத்த அம்மி.

இனி அத்தானுடைய யோசனைக்கு வருகிறேன். அந்த வீட்டை விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மெக்ஸிகோவின் 1917-ம் வருஷத்து அரசியல் சட்டத்தில் 27-வது பிரிவு ஒன்றிருக்கிறது. கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர், தேச எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் வரையில் அந்நியர் யாரும் நேரடியாக நிலம் வைத்துக்கொள்ள முடியாது. அந்நியனிடம் கரையைப் பறிகொடுத்துப் பார்த்த தேசம் செய்த சட்டம். முதலில் கேட்டபோது "சபாஷ்!" என்று என் வாய் சொல்லிவிட்டது. அத்தானுக்குக் கோபம். ஆனால் அவர் கோபிக்க வேண்டியதில்லை. சட்டம் வாசலைப் பூட்டினால் பாங்கி புறக்கடையைத் திறக்கிறது. பாங்கியின் பெயரில் நிலம் இருக்கும், அனுபவம் அந்நியருக்கு, கெடு 50 வருஷம், புதுப்பித்துக்கொள்ளலாம். கரையோரத்து வீடுகள் பல இப்படித்தான் கைமாறுகின்றன.

"தோஞா" விற்கச் சம்மதமா என்றேன். அவள் பிள்ளைக்கு எழுத வேண்டும் என்றாளாம்.

பிள்ளை இருக்குமிடம் எது தெரியுமா? ஒண்டாரியோ! லெமிங்டன் என்ற ஊரில் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் தக்காளி பறிக்கிறான். 1974-லிருந்து மெக்ஸிகோக்காரர்களைப் பருவ வேலைக்குக் கானடா எடுத்துக்கொள்கிறது. வருஷத்தில் எட்டு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. டிசம்பர் 15-க்குள் ஊர் திரும்ப வேண்டும். அநுமதிச் சீட்டில் எழுதிய முதலாளியிடந்தான் வேலை செய்யலாம். பெண்டு பிள்ளைகளை அழைத்துப் போக வழியில்லை. அங்கேயிருந்து இங்கே வருகிறவர்களுக்கு "வசிக்க வந்தவர்கள்" என்று பெயர். இங்கேயிருந்து அங்கே போகிறவர்களுக்கு "வேலையாட்கள்" என்று பெயர். இரண்டு பேரும் நாள் எண்ணுகிறார்கள்.

நவம்பர் 1, 2 இரண்டு நாளும் அங்கே இறந்தவர்களின் பண்டிகை. அண்டை மாகாணமான மிச்சோவாகானில் இது பிரமாதமாக நடக்குமாம். இந்தக் கரையில் அவ்வளவு ஆரவாரம் இல்லை. பின்கட்டில் "தோஞா" ஒரு மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, புருஷனுடைய படத்தை வைத்து, சுற்றிலும் கேந்திப் பூவைக் கொட்டியிருந்தாள். கேந்தியும் அவர்கள் தேசத்துப் பூ என்று நான் படித்திருக்கிறேன். ஆனால் அந்த வாசனை என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது எங்கள் ஊர் ஆற்றங்கரையில். ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு தட்டில் உப்பு, ரொட்டி, மெழுகுவர்த்தி, சாம்பிராணி போன்ற கோப்பால் பிசின் புகை, அவர் குடிக்கும் சுருட்டு இரண்டு. அக்காள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"தம்பி, இது படையலல்லவா?" என்றாள்.

"ஆமாம் அக்கா."

சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, "அம்மா படம் கொண்டுவந்திருக்கிறாயா?" என்று கேட்டாள். வந்து ஏழு நாளாகியும் நான் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். அக்காள் அதைத் தலைப்பால் துடைத்து "தோஞா"விடம் நீட்டி, தனக்குத் தெரிந்த நாலு ஸ்பானிஷ் வார்த்தையில் "என் தாயார், ஜூன் மாதம்" என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. புருஷனுடைய படத்தை ஒரு பக்கமாக நகர்த்தி இடம் பண்ணினாள். "அவளுக்கு என்ன பிடிக்கும்?" என்று மட்டும் விசாரித்தாள்.

கருப்பட்டிக் காப்பி என்று அவர்கள் பாஷையில் எப்படிச் சொல்வது? நான் போய் வட்டைக் கொண்டுவந்தேன். அவள் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, சமையலறையிலிருந்து தன் வெல்லத்தை எடுத்துவந்து எங்களுக்குக் கொடுத்தாள். கரும்பு வெல்லம், கூம்பு வடிவத்தில். அவர்களும் மண்சட்டியில் பட்டை போட்டு இந்த வெல்லத்தில்தான் காப்பி வைக்கிறார்கள். அன்று அதே மண்சட்டியில் கருப்பட்டிக் காப்பி கொதித்தது. அக்காள் ஒரு தம்ளரை அம்மா படத்துக்கு முன்னால் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். ஆனி மாதத்தில் அழ வேண்டிய அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அது பத்திரிகையில் எழுதத் தக்கதல்ல.

ராத்திரி லெமிங்டனிலிருந்து பிள்ளை டெலிபோனில் முகம் காட்டிப் பேசினான். தாயார் டெலிபோனைத் திருப்பித் தகப்பனார் படத்தைக் காட்டினாள். பக்கத்தில் இருக்கும் கிழவி யாரென்று கேட்டிருப்பான் போலும். ஒரு பெரிய கதை நடந்தது. பிறகு "தோஞா" அக்காளிடம், அங்கே குளிர் எப்படியிருக்கும், கண்ணாடிக் கூடாரத்துக்குள்ளும் குளிருமா என்று கேட்டாள். அக்காள் அந்த வழியாக எத்தனையோ முறை காரில் போயிருக்கிறாள். ராத்திரியில் அந்தக் கூடாரங்களின் வெளிச்சம் வானத்தில் செக்கச் சிவந்து தெரியும் என்றாள். முப்பது வருஷமாக அங்கே வாங்கித் தின்ற தக்காளியை யார் பறித்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை என்று என்னிடம் தமிழில் சொன்னாள்.

மறு நாள் காலையில் அத்தானுக்கும் அக்காளுக்கும் சண்டை. "இந்த வீட்டை வாங்கினால் அவள் எங்கே போவாள்?" என்றாள் அக்காள். "பணம் கிடைக்குமே" என்றார் அத்தான். "பணத்தின்மேல் படுத்துத் தூங்குவாளா?" அத்தான் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. அந்த வருஷம் பெஸோ வலுத்திருந்தது. டாலருக்குக் கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. வாடகை வருஷா வருஷம் ஏறுகிறது. நாளைக்கு அவர் இல்லாமற்போனால் அக்காளுக்கு ஒரு கூரை வேண்டாமா? கூரை என்றதும் அகபுல்கோவின் ஞாபகம் வந்துவிட்டது போலும், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை மூவரும் தேவாலயத்துக்குப் போனோம். அங்கேயுள்ள சிலுவையில் கிறிஸ்துவின் கைகள் விரிந்திருக்கவில்லை. இரண்டும் தோளிலிருந்து தளர்ந்து பக்கவாட்டில் தொங்குகின்றன. 1971 செப்டம்பரில் லிலி என்ற புயல் அடித்தபோது ஊரார் உள்ளே ஒண்டியிருந்தார்களாம். அப்போது கைகள் கழன்று விழுந்தன, புயலும் அடங்கிற்று என்று சொல்கிறார்கள். பழுது பார்க்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். அத்தான் அதை வெகு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் புறப்படும் வரையில் வீட்டு விஷயம் முடிவாகவில்லை. பிள்ளை டிசம்பரில் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மூன்று பேரும் ஒத்திப்போட்டிருந்தார்கள். "மஞானா" என்றார் அத்தான். அவருக்கும் அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது.

அம்மா படத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போனபோது அக்காள் தடுத்துவிட்டாள். அது பின்கட்டு அலமாரியிலேயே இருக்கட்டும் என்றாள். ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்குப் பிறகு டெலிபோனில் பேசினாள். பிள்ளை வந்துவிட்டானாம், நல்ல உயரமாம். பேச்சின் நடுவில் இன்னொன்றும் சொன்னாள். தண்ணீர்க்காரன் குடுவையை இறக்கி வைக்கும்போது, அலமாரியில் இருக்கும் புதுக் கிழவி யார், எந்த ஊர் என்று விசாரித்தானாம். "தோஞா" அவனுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, "முன்கட்டுக்காரர்களுடைய தாயார், இங்கேதான் இருக்கிறாள்" என்று சொன்னாளாம்.